பட்டர்வொர்த் பெரியவரின் உயில்: ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற 74 வயதுப் பெரியவர் ஒருவர், 2019இல் தாம் எழுதிவைத்த உயிலைப் பார்த்துச் சொல்லும்படி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். லேசான பக்கவாதம் வந்து தேறியிருந்தார். நடை கொஞ்சம் தள்ளாடியது, பேச்சு தெளிவாக இருந்தது. “நான் போன பிறகு என் வீட்டுக்காரியை யாரும் வீட்டை விட்டு எழுப்பக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்” என்றார். அந்த ஒன்றைப் பத்திரமாக்குவதற்கு அவருடைய வாழ்க்கையின் பாதிக் காகிதங்களைப் புரட்ட வேண்டியிருந்தது.

உயில், வாரிசுரிமைக் கோப்புகளைக் கவனிப்பது என் வேலை. குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். இவருடைய சிக்கல்களில் எதுவும் அபூர்வமானதல்ல. நம் வீடுகளில் சாதாரணமாக இருப்பவைதான். அதனாலேயே எழுதுகிறேன்.

குடும்பம்

முதல் மனைவி 1999இல் காலமானார். அவருக்குப் பிறந்தவர்கள் இரண்டு மகன்கள். மூத்தவர் கோலாலம்பூரில் இருக்கிறார், இளையவர் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். 2003இல் பெரியவர் ஒரு மாரியம்மன் கோவிலில் தாலி கட்டி இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். அந்த அம்மாள், இறந்துபோன தன் அக்காவின் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர்தான் அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினார், படிக்க வைத்தார், திருமணம் செய்து கொடுத்தார். இப்போது அவளுக்கு 30 வயது, பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துப் போவது அவள்தான். அவள் வாயில் அவர் ‘அப்பா’தான், வேறு பெயர் வந்ததில்லை.

கோவில் திருமணம் பதிவு செய்யப்படவில்லை. பெண்ணைத் தத்தெடுக்கவும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் பெயர்கள் அப்படியே இருக்கின்றன.

முஸ்லிம் அல்லாதோரின் திருமணம், மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு பதிவாளர் முன் நடக்காத திருமணத்தைச் சட்டம் திருமணமாக எடுத்துக்கொள்வதில்லை. ஐயர் வந்தார், ஊர் கூடியது, விருந்து நடந்தது, படம் இருக்கிறது என்பதெல்லாம் இங்கே செல்லாது. வளர்ப்புப் பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய இதேதான். நீதிமன்றத்தின் வழியே முறையாகத் தத்தெடுத்தால் அந்தப் பிள்ளை பெற்ற பிள்ளையாகக் கருதப்படும். 1952ஆம் ஆண்டு தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் தேசியப் பதிவுத் துறையில் வெறுமனே பதிவு செய்தால் வாரிசுரிமை வராது. எதுவுமே செய்யாமல் பாசத்தோடு வளர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். இந்தப் பெண்ணுக்கு 21 வயது தாண்டிவிட்டது, திருமணமும் ஆகிவிட்டது. இனித் தத்தெடுக்கவும் வழியில்லை.

உயில் இல்லாமல் இறந்திருந்தால்

1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் உயில் இல்லாதவரின் சொத்தைக் கணக்குப் போட்டுப் பிரித்துவிடும். துணையும் பிள்ளைகளும் இருந்து பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோரும் உயிரோடு இருந்தால் துணைக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெரியவரின் பெற்றோர் இல்லை. சட்டத்தின் பார்வையில் துணையும் இல்லை. எனவே எல்லாம் இரண்டு மகன்களுக்கு. இருபது ஆண்டுக்கு மேல் கூட வாழ்ந்தவருக்கும், தூக்கிப் பிடித்து நடக்க வைப்பவளுக்கும் ஒரு சல்லிக்காசு கிடையாது. மகன்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, அந்தச் சட்டம் அப்படித்தான் எண்ணுகிறது.

“என் பிள்ளைகள் அப்படிச் செய்ய மாட்டார்கள்” என்றார் பெரியவர். செய்ய மாட்டார்கள்தான். ஆனால் ஒரு மகன் கடனில் மாட்டலாம், மணவிலக்கு ஆகலாம், அப்பாவுக்கு முன்பே போய்விடலாம். அப்போது அந்த வீட்டைப் பற்றி முடிவெடுப்பவர் இவர்களில் ஒருவராகவே இருக்க மாட்டார். இதைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அந்த அரைப் பக்கம்

2019 உயில் ஒரு மைலோ டின்னுக்குள், பழைய சம்பளச் சீட்டுகளோடு இருந்தது. பள்ளிக்கூடக் கோடு போட்ட தாளில் அழகான தமிழ்க் கையெழுத்து: “என் வீடு என் மனைவிக்கும் மகளுக்கும். சுங்கை பட்டாணி நிலம் மகன்களுக்கு. நகையைப் பிரித்துக்கொள்ளவும். யாரும் சண்டை போட வேண்டாம்.” கீழே அவருடைய கையொப்பம், பக்கத்து வீட்டுக்காரரின் கையொப்பம், மருமகனின் கையொப்பம்.

தமிழில் எழுதியது தவறல்ல. 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது வேறு: எழுதுபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க அவர் கையொப்பமிட வேண்டும், அவர் முன்னிலையில் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். முத்திரையோ பதிவோ கட்டாயமில்லை. அந்த அளவுக்கு இந்தத் தாள் உயில்தான். நீதிமன்றத்துக்குப் போகும்போது மலாயிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

தவறு மருமகனின் கையொப்பத்தில் இருந்தது. சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் எது கொடுத்தாலும் செல்லாது. உயில் நிற்கும், அந்தக் கொடை மட்டும் விழுந்துவிடும். எல்லோரையும்விட யாருக்குக் கொடுக்க ஆசைப்பட்டாரோ, அவளுடைய பங்கை அவளுடைய கணவனின் கையொப்பமே அழித்திருந்தது. அந்த இளைஞர் உதவிக்கு நின்றவர், அவ்வளவுதான். ஆள் கிடைக்கவில்லை என்று வீட்டில் இருப்பவரையே சாட்சிக்கு உட்கார வைப்பது மிக வழக்கமானது. அடுத்த வீட்டுக்காரர், கோவில் நண்பர், கூட வேலை செய்தவர் என்று உயிலில் பங்கில்லாத இரண்டு பேர் போதும்.

வேறு ஓட்டைகளும் இருந்தன. உயிலை நிறைவேற்றுவது யார் என்று எழுதவில்லை. ‘மனைவி’, ‘மகள்’ என்றிருந்ததே தவிரப் பெயரில்லை, அடையாள அட்டை எண்ணில்லை. சட்டம் மனைவியாகவும் மகளாகவும் ஏற்காத இருவரை இப்படிக் குறிப்பிட்டால், வழக்கு என்று வரும்போது அவர் யாரைச் சொன்னார் என்று நிரூபிக்கும் பாரம் அவர்கள் தலையில் விழும். வங்கிப் பணத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

வீடு யாருடையது

வீட்டின் உரிமைப் பத்திரமான கிரானை வாங்கிப் பார்த்தபோதுதான் பெரிய சங்கதி தெரிந்தது. 1985இல் வாங்கிய அந்த வீடு பெரியவர் பெயரிலும் முதல் மனைவி பெயரிலும் பாதிப் பாதியாக இருந்தது. அந்த அம்மாள் இறந்து இத்தனை ஆண்டுகளாகியும் அவருடைய பெயர் அப்படியே இருக்கிறது.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால், ஒருவர் போனதும் மற்றவருக்குத் தானாக வந்துவிடும் என்று நம்மில் நிறையப் பேர் நம்புகிறார்கள். மலேசிய நிலச் சட்டத்தில் அப்படி இல்லை. இணை உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்கு. இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும்.

கணக்கு இது. முதல் மனைவி உயில் எழுதவில்லை. அவருடைய பாதியில் மூன்றில் ஒன்று கணவருக்கு, அதாவது வீட்டில் ஆறில் ஒன்று. மிச்சம் மகன்களுக்கு, ஆளுக்கு ஆறில் ஒன்று. ஆகப் பெரியவருக்குச் சொந்தமானது ஆறில் நான்கு. வீட்டின் மதிப்பு 300,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 100,000 ரிங்கிட் பெறும் பங்கு 1999லிருந்தே மகன்களுடையது. அவர்களுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. தன்னுடையதல்லாத பங்கை எந்த உயிலாலும் கொடுக்க முடியாது.

எதை முதலில் செய்வது

இந்தக் கோப்பில் எனக்கு மிகவும் கவலை தந்தது வரிசைதான். திருமணத்தைப் பதிவு செய்துகொண்டால் அம்மாளுக்கு மனைவி என்ற தகுதி வரும். ஆனால் திருமணம் நடந்தால் அதற்கு முன் எழுதிய உயில் ரத்தாகிவிடும். உயிலை எழுதிவிட்டுப் பதிவுக்குப் போனால் உயில் போச்சு. பதிவு முடியட்டும் என்று காத்திருந்தால், ஏற்கனவே ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு இடையில் என்ன ஆகுமோ என்ற பயம். சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. இன்னாரைத் திருமணம் செய்யவிருப்பதை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன் என்று உயிலில் சொல்லிவிட்டால், அந்தத் திருமணம் அதை ரத்து செய்யாது. அப்படியே எழுதினோம்.

அதற்கும் முன்பு, வந்த வாரத்திலேயே, ஊழியர் சேமநிதி வாரியத்தில், தம் காலத்துக்குப் பின் பணம் யாருக்கு என்று எழுதிக்கொடுக்கும் நியமனத்தை மாற்றச் சொன்னோம். அங்கே இன்னும் சுமார் 60,000 ரிங்கிட் இருந்தது. நியமனதாரர் பெயர் முதல் மனைவியுடையது, 1988இல் எழுதியது. முஸ்லிம் அல்லாதவர் நியமித்தால் பணம் நியமனதாரருக்கே சொந்தம். அது உயிலின் வழியே போகாது, நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சட்டப்படி மனைவியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆக, அந்த அம்மாளின் கைக்கு முதலில் வந்து சேரும் பாதுகாப்பு அதுதான். என்னைக் கேட்டால், உயிலைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் இந்த நியமனத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆயுள் காப்பீட்டில் விதி வேறு. துணையையோ பிள்ளையையோ நியமித்தால் பணம் அவர்களுக்காகவே ஒதுக்கிவைத்த அறக்கட்டளையாக (டிரஸ்ட்) நிற்கும். துணையும் பிள்ளையும் இல்லாதவர் பெற்றோரை நியமித்தாலும் அப்படியே. வேறு யாரை நியமித்தாலும் அவர் பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. பெரியவர் தம் தம்பியை நியமித்திருந்தார். பதிவுத் திருமணம் முடிந்து சான்றிதழ் வந்த பிறகு அதை மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

பினாங்கில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இந்தச் சட்டங்கள் பொருந்தா. ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி பங்கு பிரியும், வாரிசல்லாதோருக்கு வசியத் என்ற உயில் மூலம் மூன்றில் ஒன்று வரைதான் கொடுக்கலாம், உயிரோடிருக்கும்போதே கொடுக்க ஹிபா இருக்கிறது. சேமநிதி நியமனதாரரும் அங்கே வாங்கிப் பிரித்துக் கொடுப்பவர்தான். இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு அவர்கள் முடிவெடுக்க வேண்டாம்.

மகன்களுடன் பேச்சு

உயிலைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் இங்கே மகன்களின் ஆறில் இரண்டு பங்கு நடுவில் நிற்கிறது. பேசாமல் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பட்டர்வொர்த் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

மூத்தவர் முதலில் மரண வரி எவ்வளவு வரும் என்று கேட்டார். மலேசியாவில் 1991 நவம்பர் முதல் அந்த வரியே இல்லை என்றதும் அந்தக் கவலை தீர்ந்தது. பிறகு அவர் மனத்தில் இருந்தது வெளியே வந்தது. “எனக்குப் பணம் வேண்டாம் அப்பா. ஆனால் அந்தக் கிரானில் அம்மா பெயர் இருக்கிறது. இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டியது அம்மா பள்ளிச் சீருடை தைத்துச் சேர்த்த காசு. பெயரை எடுத்துவிட்டால் அதை யார் சொல்லப் போகிறார்கள்?”

அதற்குப் பதில் சொன்னது பெரியவர் அல்ல, அந்த அம்மாள். உள்ளறையில் அந்தத் தையல் இயந்திரம் இருக்கிறது, இத்தனை வருடமும் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போ தம்பி, அது உன்னுடையது என்றார். மூத்தவர் எழுந்து போய்ப் பார்த்தார். சிங்கர் இயந்திரம், கால்மிதி, தோல் வார் எல்லாம் சரியாக இருந்தன. தம் ஆறில் ஒரு பங்கை அப்பாவுக்கு விட்டுக்கொடுப்பதாக அன்றே சொல்லிவிட்டார்.

இளையவர் ஒப்புக்கொள்ளவில்லை. “சின்னம்மாவை யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டோம். ஆனால் என் பங்கு என் பெயரில் இருக்கட்டும். இப்போது எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். உறவினர் ஒருவர் அவரைக் கடிந்துகொள்ளத் தொடங்கினார். அது சரியல்ல என்று நான் குறுக்கிட்டேன். அவர் கேட்டது அவருடைய அம்மாவிடமிருந்து அவருக்கு வந்த பங்கு. அதைக் கேட்பதில் எந்தத் துரோகமும் இல்லை. அவருடைய பதிலை வைத்தே உயிலை அமைப்பதுதான் எங்கள் வேலை.

முதல் மனைவியின் பாதியை மாற்ற, நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் மனுச் செய்தோம். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் நிலம் இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 15 வரை இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. விசாரணை நாளில் வாரிசுகள் நேரில் வர வேண்டும், வர முடியாதவர் உரிய படிவத்தில் சம்மதம் அனுப்பலாம். ஆணை வந்ததும் பெரியவருக்கு ஆறில் ஐந்தும் இளையவருக்கு ஆறில் ஒன்றுமாகப் பெயர் மாறும்.

புது உயில்

உயிலில் வீட்டுப் பங்கை எண்ணாக எழுதவில்லை. “நான் இறக்கும்போது இந்த வீட்டில் எனக்குள்ள பங்கும் உரிமையும்” என்று எழுதினோம். ஆணை வரும் முன் அவர் காலமானாலும் அது பிடித்துக்கொள்ளும். அம்மாள் உயிரோடு இருக்கும்வரை, அல்லது தாமாக விரும்பி வேறிடம் போகும்வரை, அங்கே குடியிருக்கலாம். அதற்குப் பிறகு வளர்ப்பு மகளுக்கு. அவளை ‘என் மகள்’ என்று மட்டும் எழுதவில்லை. பெயர், அடையாள அட்டை எண், ‘2003 முதல் நான் வளர்த்தவள்’ என்று எழுதினோம். பெற்ற பிள்ளை முன்பே இறந்துபோனால் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு தவறாமல் போக உயில் சட்டமே வழி செய்கிறது, வளர்ப்பு மகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் அவள் இல்லையென்றால் அவள் பிள்ளைகளுக்கு என்று தனியாக எழுத வேண்டியிருந்தது.

‘குடியிருக்கலாம்’ என்று எழுதிவிட்டு நிறுத்துவது எளிது. நில வரியை, வீட்டு வரியை யார் கட்டுவது? கூரை ஒழுகினால்? அம்மாள் முதியோர் இல்லத்துக்குப் போக நேர்ந்தால் வீட்டை வாடகைக்கு விடலாமா, அந்த வாடகை யாருக்கு? பெரியவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டோம். வரிகளுக்கும் பழுதுக்கும் 15,000 ரிங்கிட் ஒதுக்கினார். வாடகை வந்தால் அம்மாளின் பராமரிப்புக்கு என்றார். இணை உரிமையாளர் ஒருவர் வீட்டை விற்கும்படி நீதிமன்றத்தில் கேட்க முடியும் என்பதால், வைப்புத் தொகையிலிருந்து 50,000 ரிங்கிட்டைத் தனியே வைத்து, இளையவர் விற்க விரும்பினால் மதிப்பீட்டு விலைக்கு வாங்க அதைப் பயன்படுத்தும்படி எழுதினோம். சுங்கை பட்டாணி நிலம் மூத்தவருக்கு. மிச்சமிருப்பது மகன்கள், வளர்ப்பு மகள் மூவருக்கும் சமமாக. மூத்த மகனும் வளர்ப்பு மகளும் சேர்ந்து நிறைவேற்றுநர்கள்.

கையொப்பமிட்ட அன்று வளர்ப்பு மகளை வெளியே காத்திருக்கச் சொன்னோம். அவள்தான் அவரை அழைத்து வந்தவள், அவளுக்கே பெரும் பங்கு. பிற்பாடு யாராவது அவள் நெருக்கினாள் என்று சொல்லிவிடக் கூடாது. அன்று காலை மருத்துவர் அவரைப் பார்த்து, தான் செய்வது என்ன, தன்னிடம் இருப்பது என்ன, யாருக்கெல்லாம் தன்மேல் உரிமை உண்டு என்பதை அவர் தெளிவாக அறிந்திருக்கிறார் என்று கடிதம் கொடுத்தார். உயில் ஆங்கிலத்தில் இருந்ததால் தமிழில் படித்து விளக்கப்பட்டது என்ற குறிப்பையும் சேர்த்தோம். மூலப்பிரதி எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது, அது எங்கே என்று இரண்டு நிறைவேற்றுநர்களுக்கும் தெரியும். எழுதியவர் கையில் கடைசியாக இருந்த மூலப்பிரதி காணாமற்போனால் அவரே கிழித்துவிட்டார் என்று நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு. மைலோ டின் அதற்கு ஏற்ற இடமல்ல.

உயிலுக்கு வெளியே

பெரியவருக்கு வேறு ஆசைகளும் இருந்தன. கண்களைத் தானம் செய்ய வேண்டும். காரியத்தை ஆடம்பரமில்லாமல் செய்ய வேண்டும். அஸ்தியைத் தாம் வேலை பார்த்த துறைமுகக் கரையோரக் கடலில் கரைக்க வேண்டும். இவற்றை உயிலில் எழுதிப் பயனில்லை. உயிலை எடுத்துப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், கண்களை எடுக்கச் சில மணி நேரமே இருக்கும். உறுப்பு தான உறுதிமொழியைப் பதிவு செய்தோம். அப்போதும் மருத்துவமனை குடும்பத்தைக் கேட்கும் என்பதால் இரு மகன்களிடமும் அவரே சொன்னார். மற்றவற்றைத் தம் கையால் தமிழில் ஒரு கடிதமாக எழுதி வளர்ப்பு மகளிடம் கொடுத்தார்.

தைப்பூசத்தில் பல காலம் தொண்டு செய்த தண்ணீர்ப்பந்தலுக்கு 5,000 ரிங்கிட் தர விரும்பினார். அது நண்பர்கள் கூடிப் போடும் பந்தல், பதிவு பெற்ற சங்கம் அல்ல. வாங்கிக்கொள்ள ஒரு சட்டப்பெயர் இல்லை. உயிலில் எழுதினால் யார் கையில் கொடுப்பது என்றே தெரியாமல் போகும். உயிரோடிருக்கும்போதே கொடுத்துவிடுங்கள் என்றோம். இந்த ஆண்டுப் பந்தலுக்குக் கொடுத்துவிட்டார், மோர்ப் பானையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துமிருந்தார்.

நகைகளுக்கு அந்தக் கடிதத்திலேயே ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் படம். முதல் மனைவியின் தாலிக்கொடி இளைய மகனுக்கு. தையல் இயந்திரம் அன்றே கோலாலம்பூர் போய்விட்டது.

இப்போதைய நிலை

திருமணம் பதிவாகிவிட்டது. சேமநிதி நியமனம் அந்த அம்மாளின் பெயரில் இருக்கிறது. மனைவி என்ற தகுதியால், உயிலில் தமக்குப் போதுமானது இல்லை என்று பட்டால் 1971ஆம் ஆண்டுக் குடும்பப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் புரோபேட் (உயிலை நீதிமன்றம் உறுதிசெய்யும் ஆணை) கிடைத்த ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தை நாடும் உரிமையும் அவருக்கு வந்திருக்கிறது. நில அலுவலகத்தின் விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம். காப்பீட்டு நியமனப் படிவம் நிரப்பி வைத்திருக்கிறது, பெரியவரின் கையொப்பம் வேண்டும். வீட்டை வாடகைக்கு விட நேர்ந்தால் தம் ஆறில் ஒரு பங்கு வாடகை தமக்கு வருமா என்று இளையவர் தொலைபேசியில் கேட்டார். வரும் என்று சொன்னேன். அதை உயிலுக்குத் துணைக்குறிப்பாக எழுதிச் சேர்க்கப் பெரியவர் அடுத்த மாதம் வருகிறார், சாட்சிக்கு அவருடைய பழைய துறைமுக நண்பர்கள் இருவர் கூட வருகிறார்கள்.